மாத்திரையும் மருத்துவரும்

(தஞ்சோங் டாவாயில் தோட்டப்புறக் குடும்பங்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பீடோங், செமிலிங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உங்கள் ஓய்வு நாளையும் விட்டுக் கொடுத்து இங்கு வந்திருக்கிறீர்கள். தஞ்சோங் டாவாய் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவன நெத்திலியும் கருவாடும் பெலாச்சானுந்தாம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இக்கரைக்கு வருகின்ற எந்தத் தாயும் ஒரு பொட்டலம் வாங்காமல் வீடு திரும்புவதில்லை. வாங்கும்போது என்ன செய்கிறோம்? கையிலெடுத்துப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், உப்பு ஏறியிருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சோதிக்கிறோம். ஆனால் வயிற்றில் வளரும் கருவைக் கலைப்பதற்கென்று யாரோ ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையை, அதன் பெயர் என்ன என்று கூடக் கேளாமல் விழுங்கிவிடுகிறோம்.

இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான். இப்பொருளைப் பொது மேடையில் பேசலாமா என்று கேட்டோர் உண்டு. லயத்தின் பின்புறத்தில் தணிந்த குரலில் இது பேசப்படாத நாள் இல்லை. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் தவறாக இருக்கிறது என்பதனாலேயே இங்கே வெளிப்படையாகப் பேசத் துணிந்தோம்.

முதலில் நாமறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அந்தச் சகோதரியின் பெயரையும் தோட்டத்தையும் சொல்லமாட்டோம். தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக்கூடாது என்று அவரே இதைச் சொல்ல இசைவு தந்தார்.

அவர் பால் மரம் வெட்டுபவர். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கடைக்குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது. நாள் தள்ளிப் போயிற்று. ஒரு வாரம் பொறுத்தார். இரண்டு வாரம் பொறுத்தார். கணவரிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்ல அஞ்சினார். அரசாங்க மருந்தகத்திற்குப் போனால் திட்டுவார்கள், போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் மூலமாகப் பட்டணத்திலிருந்து இருவகை மாத்திரைகள் வந்து சேர்ந்தன. விலை ஏறத்தாழ ஒரு வாரக் கூலி. எதை முதலில் உட்கொள்ள வேண்டும், எதைப் பின்னர் உட்கொள்ள வேண்டும் என்பதும் வாய்மொழியாகவே வந்தது.

மாத்திரையை உட்கொண்டார். உதிரம் வந்தது. வயிற்று வலியும் வந்தது. இரண்டு நாளில் உதிரம் குறைந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி, மூன்றாம் நாள் வழக்கம்போல் பிரட்டுக்குப் போனார். வயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் இலேசாகக் குத்திக்கொண்டே இருந்தது. உடம்பு சூடு என்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலையில், மரத்தடியில் அவருடைய தலை விளக்கு மட்டும் தரையில் கிடந்து எரிவதை அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் கண்டார். அருகில் சென்று பார்த்தால் சகோதரி நினைவிழந்து கிடக்கிறார். முகம் வெளுத்துக் கிடக்கிறது. மண்டோரின் காரில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டு சென்றார்கள். வயிற்றுக்குள் பெருமளவு இரத்தம் தேங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து ஒரு பக்கத்துக் கருக்குழாயை நீக்கினார்கள். பிறர் தந்த இரத்தம் அவருக்கு ஏற்றப்பட்டது. பிழைத்தார்.

என்ன நேர்ந்தது? கரு அவருடைய கருப்பையில் தங்கவில்லை, குழாயிலேயே தங்கிவிட்டிருந்தது. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இவ்வாறு அமைவதுண்டு. இந்த மாத்திரைகள் கருப்பையில் உள்ள கருவின்மீதுதான் வேலை செய்யும். குழாயில் உள்ளதை ஒன்றும் செய்யா. ஆனால் உதிரம் மட்டும் வரும். அதனால் அந்தத் தாய் ஏமாந்து போனார். குழாயில் கரு வளர்ந்து கொண்டே வந்து, ஒரு நாள் குழாயை வெடிக்கச் செய்தது. மருத்துவர் ஒருவர் முன்பே ஸ்கேன் செய்து பார்த்திருந்தால், கரு எங்கே இருக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். மாத்திரை மூலம் கருவைக் கலைப்பதே கொடிய நஞ்சு என்று அச்சுறுத்துவது நம் நோக்கமன்று, அது உண்மையுமன்று. முறையாகக் கையாளப்படும்போது இது நம்பத்தக்க மருத்துவ முறைகளுள் ஒன்றென உலகச் சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டுள்ளது. 2005ஆம் ஆண்டில் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அது சேர்த்தது. அவை எவை, எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது அறிந்து கொள்வோம்.

முதல் மருந்தின் பெயர் மிஃபெப்ரிஸ்டோன். பிரான்சு நாட்டில் 1980ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. எத்தியேன் எமில் போலியூ என்னும் அறிஞரின் பெயர் அதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1988ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அதற்கு அனுமதி வழங்கிற்று. ஒரு பெண் கருவுற்றதும் புரோஜெஸ்ட்டரோன் என்னும் சுரப்புநீர் கருப்பையின் உட்சுவரைக் கருவுக்கு ஏற்றவாறு வைத்திருக்கிறது. பால் மரத்தில் பால் ஓட்டம் நிற்காதிருக்க நாம் எத்தனை பாடுபடுகிறோம்! அதுபோல அந்தச் சுரப்புநீரின் ஓட்டமே கருவைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஃபெப்ரிஸ்டோன் அதன் வேலையைத் தடுத்துவிடும். கரு சுவரிலிருந்து கழலத் தொடங்கும்.

இரண்டாம் மருந்தின் பெயர் மிசோப்ரோஸ்டோல். இது முதலில் இரைப்பைப் புண்ணுக்காக வந்த மருந்து. முதல் மருந்து உட்கொண்டு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இது கொடுக்கப்படும். கருப்பை சுருங்கிச் சுருங்கி உள்ளிருப்பதை வெளியேற்றும். ஒன்பது வாரங்களுக்குள் இவ்விரண்டையும் முறையாகப் பயன்படுத்தினால், நூற்றில் 95 பேருக்கும் மேற்பட்டோருக்கு வேறு சிகிச்சை எதுவும் தேவைப்படுவதில்லை. எஞ்சிய சிலருக்கோ கருவின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடலாம். கரு கலையாமலேயே தொடரவும் கூடும். அந்தச் சிலருள் நாமும் ஒருவரா என்பதை யார் கண்டறிவது? காகிதத்தில் மடித்துக் கொடுத்தவரா?

மருத்துவர் மாத்திரையை நீட்டுவதற்கு முன்பே பல வேலைகளைச் செய்துவிடுகிறார். கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எது என்று கேட்டு வாரங்களை எண்ணுகிறார். நம் தாய்மார்களுள் பலர் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அல்லது நாள் தள்ளிப் போன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் கணக்கு இரண்டு வாரமோ நான்கு வாரமோ தவறிவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அமாவாசையும் கிருத்திகையும் பார்ப்பதற்கு மட்டுமன்றி, ஒவ்வொரு மாதமும் அந்த முதல் நாளில் ஒரு சிறு புள்ளி வைப்பதற்கும் அது உதவட்டும். யாருக்கும் பொருள் விளங்காத புள்ளியாகவே இருக்கட்டும்.

பிறகு கரு கருப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்கிறார். உடம்பில் இரத்தம் போதிய அளவு உள்ளதா என்று சோதிக்கிறார். தோட்டத்துத் தாய்மார்களிடையே இரத்தசோகை புதிய செய்தியன்று. ஏற்கனவே வெளுத்திருக்கும் உடம்பிலிருந்து மேலும் உதிரம் போனால் என்ன ஆகும்? கருத்தடைச் சாதனம் கருப்பையில் வைத்திருக்கிறார்களா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறார்களா, இரத்தம் உறையாத நோய் உண்டா, நெடுநாளாக ஸ்டீராய்டு மருந்து உட்கொள்கிறார்களா, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளில் கோளாறு உண்டா என்றெல்லாம் கேட்கிறார். இவற்றுள் ஒன்று இருந்தாலும் இம்மாத்திரை சிலருக்கு ஆகாது. வேறு வழி பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உறிஞ்சு கருவியால் கருப்பையைத் தூய்மை செய்யும் முறை ஒன்றுண்டு. தேர்ந்த கையில் அது சில நிமிட வேலை.

மாத்திரை உட்கொண்டவருக்கு என்ன நேரும் என்பதையும் அவர் முன்னதாகவே சொல்லிவைக்கிறார். இரண்டாம் மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் வலியும் உதிரமும் தொடங்கும். வழக்கமான மாதவிலக்கைவிட மிகுதியாகவே இருக்கும். கட்டி கட்டியாகவும் போகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் பின்னர் இரண்டு வாரம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், சிறுகச் சிறுகப் பட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் எந்தக் கட்டத்தில் அஞ்ச வேண்டும் என்பதை அறியாதவர்தாம் உயிரிழக்கிறார்கள். பெரிய அணையாடை மணிக்கு இரண்டு வீதம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுவதும் நனைந்தால், அது வழக்கமான உதிரமன்று. ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நிற்கவில்லையென்றால், துர்நாற்றத்துடன் நீர் வெளியேறினால், வயிற்றில் ஒரு பக்கமாகவோ தோளிலோ கடும் வலி ஏற்பட்டால், கண் இருட்டினால், அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும், வெட்டு முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மாத்திரைக்குப் பின் உதிரமே வரவில்லை என்றாலும் சென்று காட்டத்தான் வேண்டும்.

"மாத்திரை உட்கொண்டேன் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்களே!" என்று அஞ்சுவோர் உண்டு. நம் சகோதரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது என்ன உட்கொண்டார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடன் சென்ற அண்டை வீட்டுப் பெண் அழுதாரேயன்றி வாய் திறக்கவில்லை. என்ன மருந்து, எப்போது உட்கொண்டது என்று தெரிந்தால் மருத்துவர் விரைவாகச் செயல்படுவார். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணைக் காப்பதே அவருடைய முதற்கடமை. எனவே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அச்சத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே சட்டத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

"மலேசியாவில் கருக்கலைப்பு முற்றிலும் குற்றம்" என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அவ்வாறன்று. "பணம் கொடுத்தால் எதுவும் செய்துகொள்ளலாம்" என்று சிலர் நம்புகிறார்கள். அதுவுமன்று. குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருச்சிதைவு செய்வதைக் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறையும், கரு அசைவு கண்ட பின்னர் என்றால் ஏழாண்டு வரையிலும் தண்டனை உண்டு. தானே தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் வருகிறார். ஆனால் 1989ஆம் ஆண்டில் இப்பிரிவு திருத்தப்பட்டு, ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், கர்ப்பம் தொடர்வதனால் அப்பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ, கர்ப்பத்தைக் கலைப்பதைவிடக் கூடுதலான தீங்கு நேரும் என்று நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் கர்ப்பத்தை முடிவுக்குக் கொண்டுவரலாம்.

இந்த வாக்கியத்தில் உள்ள இரண்டு சொற்களை மறவாதீர்கள். ஒன்று "பதிவு பெற்ற மருத்துவர்". மருந்துக் கடைக்காரருக்கோ, அனுபவமுள்ள கிழவிக்கோ, தோட்டத்து மருத்துவ உதவியாளருக்கோ இந்த உரிமை இல்லை. மற்றொன்று "மன நலம்". உடல் நோய் மட்டுமே காரணமாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மணமானவரா, மணமாகாதவரா என்றும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

இருதய வால்வு பழுதுபட்டவர், சிறுநீரகம் கெட்டவர், இரத்த அழுத்தம் மிக ஏறியவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், பேற்றுக்குப் பின் மனநோயால் முன்பு அல்லலுற்றவர் போன்றோரின் நிலையை மருத்துவர் ஆராய்ந்து பார்க்கிறார். வறுமையோ, பிள்ளைகள் மிகுதி என்பதோ தனியே ஒரு காரணமாகச் சட்டத்தில் இல்லை. ஆயினும் அவை ஒரு தாயின் மனத்தை எவ்வளவு நொறுக்கியிருக்கின்றன என்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. கருதுபவர் அவர், அவர் கருதுவதற்கு வேண்டிய செய்திகளைக் கொடுப்பவர் நீங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளுக்கென 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட வழிகாட்டி, இரண்டு மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்றும் அவருள் ஒருவர் சிறப்பு மருத்துவராக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இச்சட்டத்தைத் தோட்டத்து மக்கள் அறியாதது வியப்பன்று. 2007ஆம் ஆண்டில் 120 மருத்துவர்களையும் தாதியரையும் கேட்டறிந்த ஓர் ஆய்வில், சில நிலைகளில் இது சட்டத்துக்கு உட்பட்டது என்று அறிந்திருந்தோர் நூற்றுக்கு 57 பேர்தாம். ஆகவே ஓரிடத்தில் "முடியாது, சட்டம் இடந்தராது" என்று ஒரே சொல்லில் திருப்பியனுப்பினால், அதோடு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சிறப்பு மருத்துவரிடம் கடிதம் எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேளுங்கள், கேட்பதில் குற்றமில்லை. அண்டை மாநிலமான பினாங்கில் 2014ஆம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கருக்கலைப்புக்காகக் கீழ் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அத்தண்டனை நீக்கப்பட்டது. நீங்கிய தண்டனைதான் என்றாலும் அதற்குள் அந்தப் பெண் பட்ட பாடு பட்டதுதானே! மருத்துவர் தம் கருத்தையும் அதற்குரிய காரணத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது அவருக்கு மட்டுமன்றி, உங்களுக்கும் காவலாகும்.

மாத்திரையைப் பற்றி இன்னொரு செய்தி. மிஃபெப்ரிஸ்டோன் மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தன்று. எனவே பட்டணத்தில் இரகசியமாகக் கிடைக்கும் அந்தப் பொட்டலம் எங்கே செய்யப்பட்டது, எப்போது கெட்டுப்போவது, உள்ளே இருப்பது அந்த மருந்துதானா என்று எவரும் உறுதி கூற இயலாது. பதிவு பெறாத மருந்தை விற்பவருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். இவ்வளவு இடரையும் தாங்கிக்கொண்டு ஒருவர் அதை விற்கிறார் என்றால், உங்கள்மேல் உள்ள இரக்கத்தினால் அன்று. நம் அரசாங்க மருத்துவமனைகளில் கர்ப்பத்தை முடிவுக்குக் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்படுமானால், அங்கு கையிலுள்ள மருந்துகளையோ உறிஞ்சு முறையையோ மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இன்ன மாத்திரைதான் வேண்டும் என்று நாம் கேட்பதற்கில்லை.

தமிழ்நாட்டுக்குக் கோயில் வழிபாட்டுக்கும் உறவினர் திருமணத்துக்கும் சென்று வருவோர் நம்மிடையே பலர். திரும்பும் பெட்டியில் பட்டுப் புடவையோடும் அப்பளத்தோடும் இந்த மாத்திரையும் வருவதாகக் கேள்விப்படுகிறோம். "அங்கே கடையிலேயே கிடைக்கிறது, அங்கே சட்டமே இல்லை" என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். இது முற்றிலும் தவறு. இந்தியாவில் 1971ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில நிலையிலுள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். மணமாகாத பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென்று 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. நம் நாட்டைவிட அங்கே கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் வாயிலில் மருத்துவர் நிற்கிறார். மருத்துவர் சீட்டில்லாமல் அம்மாத்திரையை விற்பதும் அங்கே முறையன்று.

நடைமுறை வேறாக இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் செய்த ஆய்வைக் கொண்டு, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று கணக்கிட்டார்கள். அவற்றுள் நூற்றுக்கு 73, மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. சட்டம் இடங்கொடுத்த நாட்டிலேயே பெண்கள் மருத்துவமனை வாயிலை மிதிக்கத் தயங்குகிறார்கள் என்றால், காரணம் சட்டம் மட்டுமன்று. வரிசையில் நிற்க வேண்டும், கணவர் பெயரைக் கேட்பார்கள், பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள், வெட்கமாக இருக்கும். நம் தோட்டத்தில் இந்தக் காரணங்களுள் எது இல்லை?

பிரிட்டனில் 2020ஆம் ஆண்டு முதல், பத்து வாரத்துக்குட்பட்ட நிலையில், தொலைபேசியில் ஆலோசனை பெற்று வீட்டிலேயே மாத்திரைகளை உட்கொள்ள அனுமதிக்கிறார்கள். அதைக் கேட்டு, "பார்த்தீர்களா, வீட்டிலேயே உட்கொள்கிறார்களே!" என்று சிலர் வாதிடலாம். அங்கே மருந்து எங்கிருந்து வந்தது என்பது தெரியும். உட்கொள்ளும் முன் ஒருவர் கேள்வி கேட்கிறார். ஐயம் இருந்தால் ஸ்கேனுக்கு அழைக்கிறார். நள்ளிரவில் உதிரம் மிகுந்தால் அழைக்க ஓர் எண் இருக்கிறது. பெண் வீட்டில் இருக்கிறார் என்பதால் அவர் தனியே இருக்கிறார் என்று பொருளாகாது.

இனி ஆண்களிடம் சில சொற்கள். பின்வரிசையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களே, இது உங்களுக்கும் உரிய பேச்சுத்தான்! அந்தச் சகோதரி கணவரிடம் சொல்லவில்லை என்றோம். ஏன் சொல்லவில்லை என்று பின்னர் அவர் கணவரே நம்மிடம் கேட்டார். முன்பொரு முறை நாள் தள்ளிப் போனபோது அவர் என்ன சொன்னார் என்று நாம் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "உன் பாடு, நீ பார்த்துக்கொள் என்றேன்" என்றார். அவரைக் கெட்டவர் என்று நாம் எண்ணவில்லை. மனைவி மருத்துவமனையில் கிடந்த நாள்களில் மூன்று பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டவர் அவரே. ஆயினும் அந்த நான்கு சொற்கள்தாம் ஒரு பெண்ணைப் பொட்டலக்காரரிடம் அனுப்பின.

கட்டாயப்படுத்துவதும் வேறு திசையில் நடப்பதுண்டு. மனைவிக்கோ மகளுக்கோ விருப்பமில்லாதபோது, குடும்ப மானம் என்று சொல்லி மாத்திரையைக் கொடுப்பவர் அறிந்துகொள்ள வேண்டும்: பெண்ணின் இசைவின்றிக் கருவைக் கலைப்பது 313ஆம் பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. சாயத் தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் அதுவே.

பதினாறு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளை கருவுற்றால், அவள் இசைந்தாள் என்று யார் சொன்னாலும் சட்டம் அதைக் கற்பழிப்பாகவே கொள்ளும். அந்த வீட்டில் மாத்திரையைத் தேடி ஓடுவது, குற்றம் செய்தவனுக்குச் செய்யும் உதவியாகிவிடும். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இத்தகையோருக்கென ஒரே இடத்தில் உதவி கிடைக்கும் பிரிவு உண்டு. மருத்துவர், போலீசு, சமூக நல அதிகாரி என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதில்லை. அவர்கள் அங்கே வருவார்கள். 15999 என்னும் தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் தொலைபேசியில் பேசலாம்.

செலவைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்பீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் பெற்றுச் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குச் செல்லலாம். மருத்துவர் விடுப்புச் சீட்டுத் தந்தால் அது சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு. வேலைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தோருக்கு ஆண்டில் 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவானோருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டோருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியே 60 நாள். சீட்டில் நோயின் விவரத்தை எழுத வேண்டும் என்பதில்லை. கிராணிக்கோ மண்டோருக்கோ காரணம் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

கர்ப்பம் கலைந்த பிறகு உடனே மீண்டும் கருத்தரிக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எட்டே நாளில் கூடச் சினைமுட்டை வெளிப்படலாம் என்பதே உண்மை. ஆகவே மருத்துவமனையிலிருந்து திரும்பும் முன்பே கருத்தடை முறையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். குடும்பத் திட்டம் நமக்குப் புதிதன்று. அதற்கென 1966ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வாரியந்தான் இன்று தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாக இயங்குகிறது. மாத்திரை, ஊசி, தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி, கருப்பையில் வைக்கும் சாதனம் என்று பல முறைகள் உள்ளன. ஆண்கள் செய்துகொள்ளும் சிறிய அறுவையும் உண்டு. அதைச் சொன்னால் மட்டும் கூட்டத்தில் இருமல் அதிகமாகிவிடுகிறது.

அந்தச் சகோதரி இப்போது அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். கையில் ஊசி போட்டுக்கொள்ளும் தேதிகளையும் அவர் வீட்டு நாட்காட்டியில் கண்டோம். தேதிகளுக்கு வட்டம் போட்டிருப்பவர் கணவர்.

இப்போது பின்பக்கத்து அறையில் தாதி ஒருவர் அமர்ந்திருக்கிறார், தமிழ் பேசுவார். ஒருவர் பின் ஒருவராகத் தனியே சென்று கேட்கலாம், பெயர் எழுதிக்கொள்ளமாட்டார். தாய்மார்கள் உள்ளே சென்று வரும் வரையில் கைக்குழந்தைகளைத் தந்தையர் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.